நலம் 8, நலம் 7

1. முதல் நாள்

காரவள்ளியிலிருந்து மலைமேல் ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்று பலகை சொல்கிறது. முதல் நாள் பஸ்ஸில் நான் எண்ணியபோது 69தான் வந்தது. அன்று முழுவதும் அதே கவலை. அடுத்த முறை எண்ணியபோது 70 சரியாக வந்தது. முதல் நாள் எந்த வளைவை விட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சமவெளியில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் 33 ஆண்டு 4 மாதம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்றார்கள். போய்ப் பார்த்தேன். சர்வர் 1, யு.பி.எஸ். 1, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 3, அவற்றில் வேலை செய்யும் பிளக் பாயின்ட் 5.

அந்த சர்வரில் ஒரு கண்காணிப்பு டீமன் ஓடிக்கொண்டிருந்தது. டீமன் என்றால் பின்னால் சத்தமில்லாமல் ஓடும் புரோகிராம். டிஸ்க், மெமரி, யு.பி.எஸ். என்று 8 விஷயங்களை அது கவனிக்கும். கோளாறு என்றால் எஸ்.எம்.எஸ். அனுப்பும். எட்டாவது விஷயம்தான் முக்கியம். அலுவலகத்துக்குப் பின்னால் மிளகுக் கொடி நாற்றுகளை வேர் பிடிக்க வைக்கும் பனிக்கூண்டு இருந்தது. பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் மோட்டார் வைத்துப் புகைபோலத் தண்ணீர் தெளிப்பார்கள். உள்ளே ஈரப்பதம் எவ்வளவு என்ற அளவு சென்சார் வழியாக சர்வருக்கு வரும்.

இந்த டீமனுக்கு ரூட் அதிகாரம் கொடுத்து வைத்திருந்தார்கள். எந்த அறைக்கும் சாவி வைத்திருக்கும் காவல்காரன் மாதிரி. நான் சேருவதற்கு முந்தைய மாதம் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று பழைய லாக்குகளை, அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவேடுகளை, அழிக்கப் போய், நாற்றுக்குப் பதிவு செய்த விவசாயிகளின் பட்டியலையும் சேர்த்து அழித்துவிட்டது. 412 பெயர். நாற்றுப்பண்ணைப் பொறுப்பாளர் செல்லம்மா ஊர் ஊராக நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல, மேலாளர் ஜோசப் சார் தட்டச்சு செய்தாராம். 409 பெயர் வந்துவிட்டது. மீதி 3 பேர் அவர்களாகவே சண்டைக்கு வந்ததால் கணக்கு நேரானது.

இதைக் கேட்டதும் என் முதல் வேலை எது என்று முடிவு செய்துவிட்டேன்.

2. ஏழு நாள் வேடிக்கை

லினக்ஸில் எஸ்.இ.லினக்ஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. சாதாரண அனுமதி, கோப்பின் சொந்தக்காரர் கொடுப்பது. இது அப்படியல்ல. ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு லேபிள். எந்த லேபிள் எந்த லேபிளைத் தொடலாம் என்று பாலிசியில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் ரூட்டே வந்து கேட்டாலும் கதவு திறக்காது.

முதலில் பெர்மிஸிவ் நிலையில் வைத்தேன். அதில் எதையும் தடுக்காது, தடுத்திருக்க வேண்டியவற்றை லாக்கில் குறித்துக்கொள்ளும். 7 நாளில் 1,386 மறுப்புகள் விழுந்தன. அவ்வளவையும் ஒரே கமாண்டில் அனுமதியாக மாற்றிவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்குப் பாலிசி எதற்கு? நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். 974 ஒரே ரகம். பணியாளர்களின் ஹோம் டைரக்டரிகளுக்குள், அதாவது சர்வரில் அவரவர் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடத்துக்குள், எட்டிப் பார்த்து எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று டீமன் அளந்திருந்தது. அந்த வேலை அதற்குத் தேவையில்லை. அதனால் அதைத் தடுத்ததோடு, தடுத்ததை லாக்கில் எழுதவும் வேண்டாம் என்று ஒரு விதி சேர்த்தேன். தினமும் அந்த எண்ணிக்கையைப் பார்த்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. இந்த ஒரு விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

டீமன் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, மணிக்கொரு முறை செல்லம்மா, ஜோசப் சார், நான் என்று எங்கள் மூவர் போனுக்கும் ஒரு செய்தி வரச் செய்தேன். ‘நலம் 8’. எட்டையும் பார்த்தேன், எல்லாம் நலம் என்று பொருள்.

இரண்டாம் நாளே செல்லம்மா வந்துவிட்டார். "ஏனுங்க சாரு, மணிக்கு ஒருக்கா நலம் நலம்னு சேதி வருதுங்க. எங்கூட்டுக்காரரு முப்பது வருசத்துல ஒருக்காக்கூட இப்படிச் சொன்னதில்லீங்க."

அவர் எடப்புளி நாட்டுக்காரர். இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. ஐம்பது வயது இருக்கும். அதுவரை மணிக்கொரு தரம் பனிக்கூண்டுக்குள் போய் இலையைத் தொட்டுப் பார்த்து வந்தவர். இனி அவ்வளவு நடக்க வேண்டாம், செய்தி வந்தால் போதும் என்று சொன்னது நான்தான். பெருமையாகச் சொன்னேன்.

3. செவ்வாய்க்கிழமை

திங்கள் காலை 9.10க்கு என்ஃபோர்ஸிங் நிலைக்கு மாற்றினேன். பாலிசி உண்மையாகவே தடுக்க ஆரம்பித்தது. பட்டியல் கோப்பைத் தொடச் சொல்லி டீமனை ஏவிப் பார்த்தேன். முடியாது என்றது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய் காலை செல்லம்மா ஒரு திருத்தம் சொன்னார். ஈரப்பதம் 80க்குக் கீழே போனால் எச்சரிக்கை என்று வைத்திருந்தோம். சித்திரை வெயிலுக்கு அது போதாது, 85 வேண்டும் என்றார். நியாயம். என் ஹோம் டைரக்டரியில் 85 என்று புதிய கோப்பை எழுதி, எழுத்துப்பிழை பார்த்து, டீமனின் இடத்துக்கு மூவ் செய்தேன். டீமனை ரீஸ்டார்ட் செய்தேன். மணி 10.20. 11 மணிச் செய்தி வந்தது, ‘நலம்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் போனை மூடினேன்.

12 மணிச் செய்தியின்போது பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடையில் இருந்தேன். ‘நலம் 7’ என்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 7தான். 11 மணிச் செய்தியைத் திறந்தேன். அதுவும் 7.

எட்டில் எது விழுந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. காலையில் நான் கை வைத்தது ஒன்றில்தான். செல்லம்மாவுக்கு போன் செய்தேன். சந்தையில் மிளகு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். "நலம்னுதானுங்களே வந்துச்சு," என்றார். பனிக்கூண்டைப் போய்ப் பாருங்கள் என்றேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் அடுத்த நொடியே போனை வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூண்டின் வாசலில் நின்றிருந்தார். மோட்டார் 10.45க்கே நின்றுபோயிருந்தது. உள்ளே 11,460 நாற்றுகள். 412 குடும்பங்கள் முதல் மழைக்கு நடக் காத்திருப்பவை. இலைகள் நனைத்துப் பிழிந்த துணி மாதிரித் தொங்கின. அவர் முதுகில் மாட்டும் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். இன்னும் 4 பெண்கள் குடமும் சொம்புமாக ஓடிவந்தார்கள்.

நான் சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். மோட்டார் சரியானாலும் அன்றைக்கே மறுபடி நின்றால் யாருக்குத் தெரியும்? கோப்பின் அனுமதியைப் பார்த்தேன், சரி. சொந்தக்காரர், சரி. மறுப்பு லாக்கைப் பார்த்தேன். 0. யாரும் எதையும் தடுக்கவில்லை என்றது லாக். பதற்றத்தில் அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றுகூட மாற்றிப் பார்த்தேன். 33 வருடத்தில் அப்படிச் செய்த இரண்டு பேரை நான் திட்டியிருக்கிறேன். அப்போதும் 7தான்.

ஜோசப் சார் பின்னால் நின்றுகொண்டு, மூன்றாவது முறையாக அதையே சொன்னார். "சார், அந்த செக்யூரிட்டிய ஆஃப் பண்ணிருங்க சார். நாத்து பொழச்சாப் போதும்."

கை கீபோர்டுக்குப் போனது. ஆஃப் செய்தால் எட்டு வந்துவிடும். பட்டியலைத் தின்ற பழைய காவல்காரனும் கூடவே வந்துவிடுவான்.

அந்த நேரம் செல்லம்மா சேலையெல்லாம் நனைந்து உள்ளே வந்தார், மோட்டார் மெக்கானிக் எங்கே என்று கேட்டுக்கொண்டு. ஆலத்தூர் நாட்டு மெக்கானிக்குக்குச் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருக்கிறார் என்றார் ஜோசப் சார்.

"அவரு ஆலத்தூர் நாடு இல்லீங்க, எங்க எடப்புளி நாடு," என்றார் செல்லம்மா. அந்த நிலையிலும் அதைத் திருத்தாமல் விட அவரால் முடியவில்லை.

"அங்கதானம்மா இருபது வருஷமா வீடு கட்டி இருக்கார்?"

"ஊடு அங்க இருந்தா ஆச்சுங்களா? கோயில் நோம்பிக்கு எங்க நாட்டு ஆளாத்தான் வந்து நிப்பாரு. பொழைக்கப் போன எடத்துல நாடு மாறிருமுங்களா?"

எனக்கு உச்சந்தலையில் குட்டு விழுந்த மாதிரி இருந்தது.

கோப்பை மூவ் செய்தால் பழைய லேபிளோடுதான் போய்ச் சேரும். காப்பி செய்தால்தான் போன இடத்தின் லேபிள் கிடைக்கும். இது முதல் வாரப் பாடம். என் கோப்பு டீமனின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னும் என் ஹோம் டைரக்டரி ஆளாகவே இருந்தது. ஹோம் கோப்பு எதையும் தொடாதே என்று டீமனுக்குச் சொன்னவன் நான். தொடாததை எழுதவும் வேண்டாம் என்று வாயைக் கட்டியவனும் நான். அது சொன்னபடி கேட்டு, படிக்க முடியாத கோப்போடு எட்டாவதையும் விட்டுவிட்டு மீதி ஏழை மட்டும் பார்த்திருக்கிறது.

லேபிளைத் திருத்த ஒரே கமாண்ட். பிறகு ரீஸ்டார்ட். அடுத்த நிமிடம் மூன்று போனும் ஒன்றாக அலறின. ‘அவசரம்: பனிக்கூண்டு ஈரப்பதம் குறைவு.’ மணி 12.50.

செல்லம்மா ஈரக்கையால் போனை எடுத்துப் படித்தார். முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "இப்பத்தான் தெரிஞ்சுதாங்க உங்க காவக்காரனுக்கு? நாங்க நாலு கொடம் ஊத்தியாச்சுன்னு சொல்லுங்க சாமி."

4. பிறகு

இரண்டு நாள் கழித்து நானே உட்கார்ந்து எண்ணினேன். பிழைத்தவை 11,142. போனவை 318. சந்தேகத்துக்கு இடமான 40ஐப் பிழைத்தவற்றில் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, அவை பிழைத்துக்கொள்ளும், அவற்றை எண்ணி எண்ணித் தொடாமல் இருந்தால் போதும் என்றார் செல்லம்மா. 318க்குப் பதிலாகத் தன் காட்டிலிருந்து கொடி வெட்டிவந்து போட்டார். முதல் மழைக்கு 412 குடும்பத்துக்கும் நாற்று போயிற்று.

வாயைக் கட்டிய அந்த விதியை நீக்கிவிட்டேன். தினம் நூற்றுக்கும் மேல் மறுப்பு விழுகிறது. மாத்திரை போட்டுக்கொண்டு படிக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: பாலிசியில் கை வைத்த அன்று, எச்சரிக்கை வருகிறதா என்று நிஜமாகவே ஒன்றை நிறுத்திப் பாருங்கள். நலம் என்கிறவனிடம், எத்தனையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாய் என்று கேளுங்கள்.

இதன்படி வாரத்துக்கு ஒரு முறை, எனக்குச் சொல்லாமல் மோட்டாரைச் சற்று நேரம் நிறுத்திவைக்கும் வேலையைச் செல்லம்மாவிடம் கொடுத்தேன். முதல் வாரம் செய்தி வந்ததும் குடையைக்கூட எடுக்காமல் 212 அடி ஓடினேன். கூண்டு வாசலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே என் பங்கு டம்ளர் மூடி வைத்திருந்தது.

போன வாரமும் ஓடினேன். அவர் போனில் மணியைப் பார்த்தார்.

"மோட்டார நிறுத்துனதுல இருந்து மொத வாரம் நாலு நிமிசமுங்க. இன்னைக்கு ஆறு. டீ ஆறிப்போச்சுங்க சாமி."