ஹமீது நானா விற்றவை நல்ல கோழிகள்

கூப்பன் கடை வரிசையில் நின்றபோது, ஹமீது நானா மௌத்தாகிவிட்டதாக மாத்தளை பஸ்ஸின் கண்டக்டர் சொன்னார். கூப்பனுக்குத் தரும் கோதுமை மாவை வாங்காமல் வீட்டுக்குப் போக முடியாது. வாங்கிக் கொடுத்துவிட்டு நானாவின் ஊரான யட்டவத்தைக்குப் போனபோது ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுத்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் எங்கள் தோட்டத்து லயத்தில், அதே வரிசை வீடுகளில் இருக்கும் மாரிமுத்து, "நல்ல மனுசன்தான். என்ன, சீக்குக் கோழிய வித்துட்டாரு" என்றார். இத்தனை வருஷமாகியும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அதைக் கிளப்பியவன் நான். எழுதப் பழகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. எழுத்து கைக்கு அடங்கி வருவதில் சந்தோஷம் உண்டு. எழுத வேண்டியிருக்கும் இந்த விஷயத்தில் இல்லை.

நானா கூடையில் வெள்ளைக் கோழிகளோடு எல்கடுவப் பக்கம் லயம் லயமாக நடப்பார். "தரையில விட்டு நடக்க வச்சுப் பாத்துட்டு வாங்குங்க" என்பார். நான் ஆறு கோழி வாங்கினேன். அவை பக்கத்து வீட்டுப் போஞ்சிப் பாத்தியைக் கிளறியதில் சண்டை வந்தது. நான் கவ்வாத்துக்காரன். தேயிலை வெட்டும் கத்தியாலேயே கோழிகளின் நகங்களை ஒட்ட நறுக்கினேன். ரத்தம் வந்தது, கிளறுவது நின்றது. அதைப் பார்த்து மாரிமுத்துவோடு நாலைந்து பேர், நானாவிடம் வாங்கிய தங்கள் கோழிகளையும் கொண்டுவந்தார்கள். அவற்றுக்கும் நறுக்கிவிட்டேன்.

சில நாளில் கோழிகள் நொண்டின. கால் மூட்டு வீங்கிச் சுட்டது. எழ முடியாமல் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகச் செத்தன. நானா வந்த அன்று, சீக்குக் கோழி விற்றதாக லயமே கேட்க அவரை ஏசினேன்.

அவர் ஒரு கோழியை மடியில் வைத்து அதன் கால் விரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு என்னை லயத்துக்குப் பின்னால் அழைத்துப்போனார்.

"நகத்த வெட்டினது நீங்களா, ராமையா?"

"ஆமா."

"அந்தப் புண்ணு வழியா அழுக்கு ஏறி மூட்டுல சீழ் புடிச்சிரிக்கி. வீங்காதத உப்புத் தண்ணியில கழுவி, காஞ்ச எடத்துல வைங்க."

எல்லோரிடமும் சொல்லப் போகிறாரா என்று கேட்டேன்.

"சொன்னா அத்தன பேரும் உங்க மேல பாய்வானுங்க. நீங்க இந்த லயத்துலதான் இருக்கணும். எனக்கு வேற தோட்டம் இரிக்கி."

ஆனால் அந்தப் பேச்சு மற்றத் தோட்டங்களுக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. கோழி வியாபாரத்தை விட்டு, கலேவெல சந்தையில் வெங்காயம் விற்றார். கண்ட இடத்தில் என் வீட்டாரைச் சுகம் விசாரிப்பார். கோழி பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மாரிமுத்து, உங்கள் கோழிகளும் என் கத்தியால்தான் செத்தன. நானாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, உண்மை தெரிந்த பிறகும் உயராத அந்தக் குரல். இதைப் படிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்களுக்கும் சத்தமாக வாசித்துச் சொல்லுங்கள்.