திங்கட்கிழமைப் பெயர்

நொச்சிக்குப்பத்தில் கருவாடு காயும் வாடை காற்றேறி மயிலாப்பூருக்குள் நுழையும்போது எங்கள் தெருவே ஜன்னலைச் சாத்துகிறது. நான் திறந்து வைக்கிறேன். ரங்கூனில் எங்கள் சந்தை முழுக்க இந்த வாடைதான். "தாய்நாட்டுக்குத் திரும்பிவிட்டீர்களே!" என்று பார்க்கிறவர்களெல்லாம் வாழ்த்துகிறார்கள். எங்கே திரும்பினேன்? நான் பிறந்ததே ரங்கூனில். பர்மாவிலிருந்து என்னோடு நடந்து வந்தவர்களே, உங்களுக்குத் தெரியும். நாம் திரும்பவில்லை, வந்து விழுந்தோம்.

என் மகள் பெயர் கின் கின். பர்மாவில் பிறந்த கிழமைதான் பெயருக்கு எழுத்துத் தரும். திங்களுக்குக் ககர வரிசை. கின் என்றால் நேசம். ரங்கூன் சந்தையில் நின்று அந்தப் பெயரைக் கூவினால் கூடையும் குடையுமாக நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த பின் பிறந்தவள் இவள். பிரசவம் பார்த்தது பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி மா ஏ. "கையில வாங்கினவளே பேரும் வைக்கட்டும்" என்றாள் என் மனைவி. நாங்கள் நடந்து வந்த மலைப்பாதையில் அவளைக் காலரா கொண்டுபோயிற்று. மூங்கில் தழையால் மூடிவிட்டு நடந்தோம். அவள் சம்மதித்து வைத்த இந்தப் பெயரைத்தான் சுமந்து வந்தேன். மற்றதெல்லாம் வழியில் போயிற்று.

ஜப்பான் குண்டு விழுமென்று மாமனார் வீடுகளுக்கு ஓடிய சென்னை, மூட்டை முடிச்சோடு திரும்பிப் பள்ளிகளைத் திறந்தது. மகளைச் சேர்த்தேன். ஒரு மாதம் கழித்து அவள் நோட்டைப் பிரித்தால், அட்டையில் காமாட்சி!

குமாஸ்தாவிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"கின் கின்னு, ஜப்பான்காரா பேராட்டம்னா இருக்கு! யுத்த காலம் சார். குழந்தையை நாலு பேர் கேலி பண்ணுவா. அதான் எங்காத்துப் பொண்ணு பேரையே போட்டேன்."

"ஜப்பான்காரன் குண்டு போட்டுத்தான்யா நாங்க ஓடி வந்தோம்!"

"அதையேதான் நானும் சொல்றேன். காமாட்சிக்கு என்ன குறைச்சல்? எனக்கு நீங்க தேங்க்ஸ்னா சொல்லணும்!"

"அழிங்க."

"ரெஜிஸ்தர்ல அடிக்கப்படாது. ஹெட்மாஸ்டருக்கு மனு எழுதிண்டு வாங்கோ."

தன் வீட்டுப் பெயரைத் தானம் கொடுத்த பெருமையில் அவர் முகம் மின்னியது. அந்த நல்ல மனதுதான் என்னை எரித்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். மூன்று தரம் மனு எழுதினேன். மூன்றாவது தரமும் பேனா காகிதத்தைக் கிழித்தது. கிழிந்ததையே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை அவளோடு நடந்தேன்.

பள்ளி வாசலில் என் கையை உருவிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

"ஏ காமாட்சி!" என்று உள்ளேயிருந்து ஒருத்தி கூவினாள். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. என் மகள் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "கின் கின்!" என்று கத்தினேன். பிள்ளைகள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடி திரும்பி நடந்து வந்தாள். மனு இருந்த பையின் மேல் கையை வைத்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"இங்க வேண்டாம்ப்பா. வீட்ல கூப்பிடுங்க. வீட்ல நான் திரும்பிப் பார்ப்பேன்."