காப்புக் கட்டிய ஊரிலிருந்து பெங்களூர்

இண்டூர்ப் பக்கத்து ஊர் அது. மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால், அன்றைக்கு ஊருக்குள் இருந்தவர்கள் யாரும் திருவிழா முடிகிறவரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். படுக்க வீட்டுக்கு வந்துவிட வேண்டும். காப்புக் கட்டும்போது ஊரில் இல்லாதவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அமுதவல்லியின் வீட்டுக்காரர் மாதவராஜ் லாரியோடு வடக்கே போயிருந்ததால் தப்பித்தார். அவளும் மகள் கலைமதியும் மாட்டிக்கொண்டார்கள்.

மறுநாள்தான் கல்லூரி விளையாட்டு ஆசிரியர் செபாஸ்டின் போன் செய்தார். ஆசிய நாடுகள் ஆடும் லாக்ரோஸ் போட்டிக்குப் பெங்களூரில் ஆள் எடுக்கிறார்களாம். ரெண்டு நாள். தங்குவதற்கு அங்கேயே இடம் உண்டாம்.

கலைமதி அந்த ஆட்டத்தில் கோல்கீப்பர். நீளக் குச்சி, முனையில் வலைப்பை, அதில் பந்தை ஏந்தி எறிகிறார்கள். மாங்காய் பறிக்கிற வலைக்கம்பு மாதிரி இருக்கிறது என்று ஊரே சிரித்தது. கல்லு மாதிரி வருகிற பந்தை இவள் உடம்பைக் கொடுத்துத் தடுப்பாள். தொடையில், கையில் கன்றிப்போன இடத்துக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் அமுதவல்லி.

"இதுக்கு என்னாத்துக்குடி பெங்களூரு வரைக்கும்? ஒலிம்பிக்குல கூட இந்த ஆட்டம் இல்லியாமே?"

"நூறு வருசத்துக்கு முன்னாடி இருந்துச்சும்மா. அப்புறம் எடுத்துட்டாங்க. இருபத்தெட்டுல மறுபடி வருது, பக்கத்துக்கு ஆறு பேரு."

"நீ போவியா?"

"நம்ம நாடு போறதே சந்தேகம். ஆசியாவுல ஆடி மேல வரணும். ஆடறதுக்கே ஆளு எடுக்கறப்ப நான் போவலேன்னா, அதோட முடிஞ்சுது."

அமுதவல்லி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பு வலித்தது. தவிட்டை அடிவரை கலக்கி முடித்தாள். பிறகு, "போயிட்டுப் போயிட்டு வந்துரலாம். நானும் வரேன்," என்றாள்.

போய்விட்டுத் திரும்பி வருவது அவளுக்குப் பழக்கம்தான். அவள் பிறந்த வீடு பாப்பாரப்பட்டி. அவளுடைய அப்பா செத்ததும் இப்படி ஒரு காப்பு நாளில்தான். காலையில் போய் அழுதாள், மத்தியானம் எடுத்தார்கள், பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறினாள். அம்மா அவள் முந்தானையைப் பிடித்து, "இன்னிக்கு ஒரு ராத்திரி எங்கூடப் படுடி," என்றாள். அவள் விடுவித்துக்கொண்டு வந்துவிட்டாள். கோயில் பொறுப்பு பார்க்கிற அவள் வீட்டுக்காரரின் அண்ணன் பச்சியப்பன் அன்று நாலு பேர் எதிரில், "பொம்பளைன்னா இப்படி இருக்கணும்," என்று மெச்சினார். அவளுக்கு அந்த மெச்சல் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

முதல் நாள் விடியுமுன் பால் கறந்து, புளிச்சோறு கட்டி, தருமபுரியில் ரயில் ஏறினார்கள். மைதானத்து ஓரத்தில் வெயிலில் உட்கார்ந்தபடியே அமுதவல்லி தூங்கினாள். கண் விழித்தபோதெல்லாம் மகள் கம்பிக்கூண்டு போட்ட தொப்பியோடு வலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம் ரயில், பஸ், வீடு, மாடு, அடுப்பு. மறுநாளும் அதே கதைதான்.

அன்று பொழுது இறங்கும்போது செபாஸ்டின் வந்தார். "அக்கா, கடைசி மேட்ச் நாளைக்குக் காலையிலதான் வைக்கறாங்களாம். விடிஞ்சதும் ஆரம்பிச்சுருவாங்க. புள்ள இங்கயே தங்கட்டுங்க. பொம்பளப் புள்ளைங்க எல்லாம் ஒண்ணாத்தான் படுக்குதுங்க."

"ஊருல காப்புக் கட்டியிருக்குதுங்க சார்."

"எனக்குத் தெரியுங்க. ஆளு எடுக்கறவங்களுக்குத் தெரியாதே."

கலைமதி ஒன்றும் கேட்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாம்மா, ரயிலுக்கு நேரமாச்சு," என்றாள். அழுதிருந்தால்கூட அமுதவல்லி நாலு வார்த்தை திட்டிக் கூட்டி வந்திருப்பாள். இப்படிப் பேசாமல் கிளம்பியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பையைக் கீழ வை. நீ இரு. நான் போறேன்."

"பெரியப்பா?"

"அவரு என்ன, முழுங்கிடுவாரா?"

மறுநாள் காலை மாவிளக்கு எடுக்கும் நாள். அரிசி ஊறப்போட்டு, இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து வைத்திருந்தாள். தப்பட்டைச் சத்தம் தெருவுக்குள் வருவதற்கு முன்பே பச்சியப்பன் வாசலில் வந்து நின்றார்.

"புள்ள எங்கம்மா?"

தூங்குகிறாள் என்று சொல்லிவிடலாம். அவளுக்கு அந்தப் பொய்யைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை. "பெங்களூர்ல இருக்குதுங்க மாமா. ராத்திரி அங்கதான் படுத்துச்சு."

"தெரிஞ்சேதான் வுட்டுட்டு வந்தியா?"

"தெரிஞ்சேதாங்க."

"அப்பன் எழவுக்கே தங்காம வந்தவ நீ!"

"அதனாலதாங்க மாமா."

 அவர் தலையைத் திருப்பிக்கொண்டு, "இந்த வருசம் உன் வூட்டு மாவிளக்கு வரிசையில வரக்கூடாது," என்றார்.

"சரிங்க. அரை நாள் வேலை மிச்சம்."

"இந்த வாயி மட்டும் குறையல," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெளியே வரிசை கிளம்பியது. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரு வருசம்கூட அவள் தட்டு அதில் இல்லாமல் போனதில்லை.  அதற்கும் சேர்த்து அழ உடம்பில் தெம்பு வேண்டுமே. சமையல்கட்டில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டினாள். தட்டிலிருந்து மாவை ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். ஆத்தாவுக்குக் காட்டாமல் அவள் தின்றது அதுதான் முதல் தடவை. வெல்லம் சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது பிடி எடுக்கும்போது போன் அடித்தது.

"ம்மா, எடுத்துட்டாங்க. ஆனா ரிசர்வ்."

"அப்படின்னா?"

"கூட வருவேன். மொதல் கீப்பருக்கு அடிபட்டாத்தான் எறங்குவேன். இல்லேன்னா ஓரத்துல உக்காந்திருக்கணும்."

"ஓரத்துல உக்கார்றதுக்கா என்னை ரெண்டு நாளு அலைய வுட்ட?"

"பெரியப்பா என்னம்மா சொன்னாரு?"

"மாவிளக்கு வேணாம்னுட்டாரு. நான் தின்னுக்கிட்டிருக்கேன். உனக்கும் வெச்சிருக்கேன், வா."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அந்த மொதல் கீப்பரு எந்த ஊருப் புள்ள?" என்று கேட்டாள் அமுதவல்லி.

"ஏம்மா?"

"எல்லாப் புள்ளைங்களும் நல்லா இருக்கணும்னுதான் வருசாவருசம் வேண்டிக்குவேன். இந்த வருசம் என் மாவிளக்கே வேணாம்னுட்டாங்க, வேண்டிக்கல. அந்தப் புள்ளைக்கு எதுனா ஆனா நான் பொறுப்பில்ல."

போனைத் தரையில் வைத்துவிட்டு, தப்பட்டை தூரத்தில் ஓயும் முன்பே உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள்.