பொன்னாடைக்குள் மாட்டிய ஆன்டெனா

1. மேடையில் கட்டரோடு

ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஓய்வு பெறும் தலைமை ஆசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் முதுகில் தொங்கிய வயரை நான் கட்டரால் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள், "இன்னாத்துக்கு சார் முதுகுல நூல் பிரிச்சிகினு கீறான்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். மைக் வேலை செய்யாததால் அவர் கேட்டது எனக்குத் தெளிவாகவே கேட்டது.

வயர்லெஸ் மைக் வேலைக்கு வரும் பிள்ளைகள் ஆன்டெனாவை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கணக்கு சுலபம். அந்தக் கணக்கை மட்டும் நம்பி நான் பட்ட பாட்டைச் சொன்னால்தான் மீதி விளங்கும்.

எண்பதுகளின் நடுவில் ஆரணியில் கன்னியப்பன் அண்ணனின் சவுண்ட் சர்வீஸ் கடையில் நான் மெக்கானிக்காக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் சாலமோன் சாருக்குப் பணி நிறைவு விழா வந்தது. அவருக்கு நின்ற இடத்தில் நின்று பேச வராது. மேடையின் இந்தக் கோடியில் ஆரம்பித்த வாக்கியத்தை அந்தக் கோடியில்தான் முடிப்பார். போகும் வழியில் மைக் கேபிள் காலில் சிக்கும், ஸ்டாண்டு சாயும். ஒரு விளையாட்டு விழாவில் ஆம்ப்ளிஃபையரையே மேஜையிலிருந்து இழுத்துக் கீழே போட்டார். அதனால் சென்னையிலிருந்து பார்ட்ஸ் வாங்கிவந்து நானே ஒரு வயர்லெஸ் மைக் செய்கிறேன் என்று அண்ணனிடம் மன்றாடினேன்.

அவர் சம்மதித்ததற்குக் காரணம் வேறு. ஊரில் பெரிய பட்டு வியாபாரி தாமோதரன். அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு யார் மைக்செட் போடுவது என்பது அவர் கையில் இருந்தது. ஆடி கிடைத்தால் அந்த வருஷம் கடைக்கு அரிசிக் கவலை இல்லை. அவர் எங்கள் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"வாத்தியார் விழாவுல உன் புது மைக்கு நல்லா பேசுச்சுன்னா, ஆடிக்கு நீதான் கன்னியப்பா. கொரகொரன்னு இருந்துச்சுன்னா வந்தவாசிக்காரனுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் வந்து அயுவாத."

அவர் போனதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "கேட்டுகினியா ஏகாம்பரம்? ஆடி போச்சுன்னா நீயும் வந்தவாசிக்கே போயிடு."

2. முக்கால் மீட்டர்

மைக் என்பது சட்டைக் காலரில் குத்தும் ஒரு சின்னக் குமிழ். அதிலிருந்து ஒரு வயர் பாக்கெட்டில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து ஆன்டெனா வயர் தோள் வழியாக முதுகில் தொங்கும். மேடைக்குக் கீழே ஒரு எஃப்.எம். ரிசீவர் அதைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும். நூறு மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலை மூன்று மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது முக்கால் மீட்டர், ஆன்டெனா. நடைமுறையில் அதற்கும் சற்றுக் குறைவாகவே வரும். எனவே முதலில் நீளமாக விட்டு, அலையின் பலத்தைக் காட்டும் மீட்டர் ஊசியைப் பார்த்துக்கொண்டே நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்க வேண்டும். ஊசி ஏறிக்கொண்டே வரும். ஏறுவது நின்ற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னொரு வெட்டு வெட்டினால் ஊசி இறங்கும். துணியானால் ஒட்டுப் போட்டுத் தைக்கலாம், வயரில் போடும் ஒட்டு அவ்வளவு நன்றாக இருக்காது.

நான் ஒவ்வொரு முறை நறுக்கும்போதும் அண்ணனுக்கு வயிறு எரிந்தது.

"இருக்குற வயரை வெட்டி வெட்டிப் போட்டா சத்தம் எப்டிடா தூரமா போவும்? கிணத்துல தண்ணி ஆழத்துல இருந்தா கவுத்த வெட்டுவியா?"

"இது கவுறு இல்லண்ணா. அளவு தப்புனா போவாது."

"மொதல்ல வயரில்லாத மைக்குன்னு சொன்ன. அப்புறம் அதுக்கு வயர் வாங்குன. இப்ப அதையும் வெட்டிகினு கீற. நல்லா கீதுடா உன் வேல."

ஆனால் மைக் பிரமாதமாக வேலை செய்தது. அண்ணனே அதைச் சட்டையில் குத்திக்கொண்டு தெருக்கோடி டீக்கடை வரை போய், "ஒரு டீ, சக்கர கம்மி" என்றார். கடை ஸ்பீக்கரில் அது மணியாகக் கேட்டது. எனக்கு அன்று தலை கால் புரியவில்லை.

3. சத்தம் செத்தது

விழா அன்று பள்ளி மைதானம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் தறி வேலைக்காரர்கள். அவர்களில் பலர் சாரிடம் படித்தவர்கள். ஹாரன் ஸ்பீக்கர்கள் பஸ் ஸ்டாண்டு வரை கட்டியிருந்தோம். மற்றவர்கள் பேச ஒரு ஸ்டாண்டு மைக், சாருக்கு மட்டும் என் மைக்.

சார் எழுந்து, "என் அன்பான" என்றார். மைதானம் முழுக்கக் கேட்டது. உடனே நெசவாளர் சொசைட்டித் தலைவர் ஓடிவந்து பொன்னாடை போர்த்தினார். "பிள்ளைகளே" என்பது யாருக்கும் கேட்கவில்லை. ஹாரனில் புஸ்ஸென்று சத்தம் மட்டும் வந்தது.

ஆன்டெனா நீளம்தான் ஒத்துவரவில்லை என்று எனக்குத் தோன்றியது. அப்போது எனக்கு எல்லாமே நீளமாகத்தான் தோன்றும். சாரை உட்காரவைத்து, பின்னால் போய்க் கொஞ்சம் வெட்டினேன். இதற்குள் பொன்னாடையை எடுத்து மடித்துவிட்டார்கள், சத்தம் திரும்பியது. என் வெட்டுதான் வேலை செய்தது என்று நினைத்தேன். பெற்றோர் சார்பில் அடுத்த பொன்னாடை வந்தது, சத்தம் போயிற்று. மறுபடி வெட்டினேன். இந்த முறை பொன்னாடையை எடுத்த பிறகும் குரல் நோயாளி மாதிரி முனகியது. வயர் குட்டையாகிவிட்டது.

முன்வரிசையில் தாமோதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆம்ப்ளிஃபையர் அருகே அண்ணன், "பேஜாரு புடிச்சவனே, ஆடி போச்சுடா" என்று பல்லைக் கடித்தார். வெட்டிய துண்டுகளைத் தரையிலிருந்து பொறுக்கி, முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினேன். குரல் திரும்பி வந்தது. மூன்றாவது பொன்னாடை தோளில் பட்டதும் பேச்சின் நடுவிலேயே குரல் அறுந்தது. அதைத் தூக்கியதும் அடுத்த சொல் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பொன்னாடைகளை வாங்கி மடித்துவைக்கும் பொறுப்பு முனுசாமி என்ற நெசவாளருடையது. அவரிடம் ஓடினேன்.

"அண்ணா, போத்துனதும் ஒடனே எடுத்துடுங்க. ஜரிகையில வெள்ளி கீது. அது ஆன்டெனாவ மூடிச்சுன்னா, இரும்புப் பெட்டிக்குள்ள ரேடியோவ வச்சாப்புல ஆயிடும்."

முனுசாமி கொஞ்சம் யோசித்தார். "அசல் ஜரிகைன்னா சத்தம் நிக்கும்?"

"நிக்கும்."

"டூப்ளிகேட்டா இருந்தா?"

"அது பிளாஸ்டிக்கு. அது பாட்டுக்குப் பேசிகினே இருக்கும்."

அவர் கையிலிருந்ததை மடித்து வைத்துவிட்டு, தறிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் இறங்கிப் போனார்.

4. தாமோதரன் போர்த்தியது

கடைசியாகத் தாமோதரன் மேடையேறினார். ஸ்டாண்டு மைக்கைப் பிடித்து, "வெளியூருக்கு அனுப்புற சரக்கு இது. முழுக்க அசல் ஜரிகை. நம்ம வாத்தியாருக்காகத் தனியா நெய்யச் சொன்னேன்" என்று அறிவித்துவிட்டு, முழங்கால் வரை தொங்கும் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். சூரியனே மேடைக்கு வந்தமாதிரி மினுமினுத்தது. முனுசாமி அதை எடுக்க வரவில்லை. தாமோதரனும், "கயட்டாம அப்டியே பேசுங்க சார்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சார் பேசினார். ஒவ்வொரு எழுத்தும் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது.

தாமோதரன் பெருமையாகக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டமும் அவரைத்தான் பார்த்தது. தறிக்காரர்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. முனுசாமி மட்டும் சிரிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விஷயத்தை யாரோ தாமோதரனின் காதில் போட்டார்கள். அவர் முகம் மாறியது. என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். நான் சாரின் இந்தப் பக்கம் நின்றேன், அவர் அந்தப் பக்கம் நின்றார். பொன்னாடையைச் சரிசெய்வது போலச் சாரின் கழுத்தருகே குனிந்து, ஒரே மூச்சில் கிசுகிசுத்தார்.

"மிஷினு ரிப்பேருன்னு சொல்லிடுப்பா, ஆடிக்குச் செட்டு உங்களுக்குத்தான், வாத்தியாருக்கெல்லாம் அசல் ஜரிகை போட்டா கட்டுப்படியாவுமா, இது போதும்."

கிசுகிசுத்த இடம் சாரின் காலர். மைக் குத்தியிருந்ததும் அங்கேதான்.

கடைசிச் சொல் ஹாரனிலிருந்து திரும்பி வந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. மைதானம் முழுக்கக் கேட்டுவிட்டது. சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குச் சார் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் மெதுவாகச் சிரித்தார்.

"மைக்கு நல்லாத்தான் இருக்கு தாமோதரா. கிளாஸ்லயும் நீ ரகசியம் பேசினா கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும். இன்னும் நீ மாறல."

அதன் பிறகு எழுந்த சிரிப்புக்கு ஹாரன் தேவைப்படவில்லை. சார் அந்தப் பொன்னாடையைக் கழற்றாமல் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து ஆசை தீரப் பேசினார்.

மறுவாரம் தாமோதரன் வந்தவாசிக்காரனுக்கு ஆள் அனுப்பினார். சொசைட்டிக்காரர்கள் விடவில்லை. "ஆடிக்குச் செட்டு கன்னியப்பனுக்குன்னு நீங்க சொன்னத ஊரே கேட்டுச்சே, இப்ப மாத்துனா எப்டி?" என்று அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். ஆடி எங்களுக்கே கிடைத்தது. அண்ணன் அதற்குப் பிறகு நான் வயர் வெட்டும்போது கிணற்றுக் கயிற்றைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் கொஞ்ச நாள் கடையில் தொந்தரவாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் புடவை எடுத்தவர்கள் அதை மூட்டையாகக் கொண்டுவந்து, "மைக்கு மேல போட்டுப் பாருப்பா" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கணக்குப் போடுங்கள், நீளமாக வெட்டுங்கள், ஊசியைப் பார்த்துக் குறையுங்கள். மேஜைமேல் சரியாக இருந்தது ஆள்மேலும் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள், அவர் உடுத்தும் துணியோடு சோதியுங்கள். ஜரிகைப் பட்டைப் போர்த்தியதும் சத்தம் நின்றால் கட்டரைத் தொடாதீர்கள், பட்டை எடுங்கள். சத்தம் நிற்கவே இல்லை என்றால் உங்கள் ஆன்டெனா நன்றாக இருக்கிறது, அந்தப் பட்டை மட்டும் வாங்காதீர்கள்.