இரண்டு இழுப்பு

இது நடந்தது. நடக்கவே இல்லை என்று சொல்கிறவர் உலகத்திலேயே ஒருவர்தான், ராஜமாணிக்கம் சார். தேர்வாய் கண்டிகையில் ஒரு பெயின்ட் கம்பெனிக்கு அவர் பாதுகாப்பு அதிகாரி. அவர் ஒன்றை நடக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது கண்டிப்பாக நடந்திருக்கிறது என்பது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கம்பெனியில் பென்னியின் வேலை கயிறு பிடிப்பது. பெயின்ட் கலக்கும் பெரிய டேங்கைக் கழுவ ஒருவன் இடுப்பில் கயிற்றோடு உள்ளே இறங்குவான். மறுமுனை மேலே பென்னியின் கையில் இருக்கும். பென்னி ஒரு தடவை இழுத்துக் கேட்பான். உள்ளே இருப்பவன் பதிலுக்கு ஒரு தடவை இழுத்தால் நன்றாக இருக்கிறான். இரண்டு தடவை இழுத்தால், தூக்கு. ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, தூக்க வேண்டும். மூன்று வருஷத்தில் மயங்கிப்போன இரண்டு பேரை அவன் உயிரோடு மேலே கொண்டுவந்திருக்கிறான். கயிற்றை ஒருமுறைகூட விட்டதில்லை.

மூன்று வருஷமும் கான்ட்ராக்ட். மணவாள நகரில் வாடகை வீடு, ஏழு மாதக் கர்ப்பிணி மனைவி ஸ்நேகா. அவனைப் பெர்மனென்ட் ஆக்கும் பேப்பரில் ராஜமாணிக்கம் திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை அவருடைய மலையேற்றக் கழகத்தோடு பென்னி முகாமுக்குப் போனான். கண்ணுக்கெட்டிய தூரத்தில் தண்ணீர்த் தொட்டியைத் தவிர உயரமாக எதுவும் இல்லை என்பதைக் கழகம் ஒரு குறையாக நினைத்ததில்லை. இந்தத் தடவை பழவேற்காடு ஏரியில் ஆளில்லாத ஒரு திட்டு. இருபது பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்தது மூன்று பேர்: தலைவர் ராஜமாணிக்கம், பென்னி, பேக்கிங்கில் வேலை செய்யும் தணிகைவேல்.

படகுக்காரர் அப்பாவு அவர்களை இறக்கிவிட்டு, "காலைல வர்றேன் நைனா" என்று போய்விட்டார். தலைவர் கழுத்தில் விசில், தொப்பியில் திசைகாட்டி. மணலில் நின்று இரண்டு பேருக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"டேங்க்ல இன்னா ரூலோ அதான் இங்கயும். பொதருக்குள்ள யாரு போனாலும் இடுப்புல கயிறு. ஒருத்தர் வெளிய புடிக்கணும்."

"ஒண்ணுக்குப் போறதுக்குமா சார்?" என்றான் தணிகைவேல்.

"உயிர் போறதுக்கு நேரம் காலம் பாக்குமாய்யா?"

அந்த விதியின் கீழ் முதலில் வந்தவர் அவரேதான். மதியம் கரையில் நண்டுக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியிருந்தார். மாலை ஆறு இருபதுக்கு, இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு சீமைக்கருவேலப் புதருக்குள் அவசரமாகப் போனார்.

"சார் டேங்க்ல எறங்கறாரு. பர்மிட் போட்டாச்சா மச்சான்?" என்று சொல்லிக்கொண்டே தணிகைவேல் சுள்ளி பொறுக்கப் போனான்.

பென்னி கயிற்றைப் பிடித்தபடி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தடவை இழுத்தான்.

பதிலுக்கு ஒரு இழுப்பு வந்தது.

மறுபடி இழுத்தான். மறுபடி ஒன்று.

அதுவரை கத்திக்கொண்டிருந்த பறவைகள் நின்றுபோயிருந்தன. எப்போது நின்றன என்று அவனுக்குத் தெரியவில்லை. கயிற்றைப் பார்த்தான். புதர் காய்ந்து கிடந்தது. கயிறு ஈரமாக இருந்தது...

மூன்றாம் தடவை, அவன் இழுப்பதற்கு முன்பே பதில் வந்தது.

"இன்னாய்யா, இன்னும் டென்ட் போடலியா?"

குரல் பின்னாலிருந்து வந்தது. பென்னி திரும்பினான். கரையோரமாக, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ராஜமாணிக்கம் வந்துகொண்டிருந்தார். இடுப்பில் கயிறு இல்லை.

"சார்... கயிறு?"

"அத உள்ள போனதுமே அவுத்துட்டேன். முள்ளுல மாட்டி வச்சிக்கிறேன். கயிறு கட்டிக்கினு மனுஷன் உக்கார முடியுமாய்யா? அந்தாண்ட போய்க் கால் கழுவினு வர்றேன்."

பென்னியின் கையில் கயிறு ஒருமுறை அசைந்தது.

ராஜமாணிக்கமும் பார்த்தார்.

"காத்து" என்றார். காற்று இல்லை.

பிறகு கயிற்றில் இழுப்பு வந்தது. ஒன்று. இரண்டு.

பென்னி யோசிக்கவில்லை. மூன்று வருஷப் பழக்கம். கால்களை மணலில் ஊன்றி இழுத்தான். கனத்தது. முள்ளில் சிக்கிய கனம் இல்லை. ஆள் கனம். அது அவன் கைகளுக்குத் தெரியும். ஒரு முழம் வந்தது. இன்னொரு முழம்...

"உட்ருய்யா!"

"ரெண்டு வந்துச்சு சார்."

"உடுன்றேன். உள்ள யாரும் இல்ல."

"யாரோ தூக்கச் சொல்றான் சார்."

ராஜமாணிக்கம் ஓரடி பின்னால் போனார். குரல் மட்டும் அதிகாரியுடையது. "திங்கக்கெழம கையெழுத்து வேணுமா, வேணாமா?"

ஒன்று. இரண்டு.

பென்னி விட்டான்.

கயிறு உருவிக்கொண்டு ஓடவில்லை. மெதுவாக உள்ளே போனது. யாரோ உட்கார்ந்து நிதானமாகச் சுருட்டுவதுபோல.

பிறகு சத்தமே இல்லை.

இரவு முழுக்க மூன்று பேரும் தண்ணீர் ஓரமாக நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் விசிலை வாயிலேயே வைத்திருந்தார். ஊதவில்லை. போனில் டவர் இல்லை.

விடிந்ததும் அப்பாவு வந்தார். மூன்று பேரும் ஏறிய பிறகும் கரையையே பார்த்தார்.

"மூணு பேருதானா? அப்போ அவரு யாரு?"

"எவரு?" என்றான் தணிகைவேல்.

"விடிகாலைல நாலு மணிக்கு எறா வலையப் பாக்க வந்தேன். திட்டுக்கு அந்தாண்ட பக்கம் ஒருத்தரு இடுப்பளவு தண்ணில நின்னுகினு கூப்ட்டாரு. உங்க ஆளுன்னு ஏத்தினு போயி கரைல உட்டேன். கயிற அழகா சுத்திக் கைல வச்சிக்கினு இருந்தாரு."

"எங்க போறேன்னாரு?" என்றான் பென்னி.

அப்பாவு பென்னியைப் பார்த்தார். "கயிறு புடிக்கிறவரு ஊட்டுக்குன்னாரு."

ராஜமாணிக்கம், கையெழுத்து உறுதி, அதை இப்போதே எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்றும், நேற்று நடந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். பென்னியின் காதில் அது விழவில்லை. படகு கரையை நெருங்க நெருங்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழு ஐம்பதுக்கு டவர் வந்தது.

முதல் அழைப்பிலேயே ஸ்நேகா எடுத்தாள்.

"இன்னாங்க, உங்க கம்பெனிக்காரு ஒருத்தரு வந்துக்கிறாரு. பாவம், தொப்பலா நனைஞ்சிக்கிறாரு. டீ போடவான்னேன், வேணான்ட்டாரு."

"எங்க இருக்கான் அவன்?"

"தோட்டத்துப் பக்கம் போயிக்கிறாரு. இடுப்புல கயிறு கட்டிக்கினு, இன்னொரு முனைய எங்கைல குடுத்துட்டுப் போனாரு. செத்த புடிச்சிக்கோம்மா, உட்றாதன்னாரு. புடிச்சிக்கினு நிக்கிறேன்."

பென்னி படகிலேயே எழுந்து நின்றான்.

"நடுவுல நடுவுல ஒரு வாட்டி இழுக்கறாரு. வேலை அப்டியாமே... இருங்க..."

போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"ஏங்க, இப்போ ரெண்டு வாட்டி இழுக்கறாரு. நான் இன்னா பண்ணட்டும்?"