நடுவில் வைத்த சித்தப்பா

“...பொது எடம்னு அவர அங்க வெச்சீங்களே மாமா, இப்போ அதுக்காகக் கேக்க ஒருத்தரும் இல்லன்னா இன்னா அர்த்தம்?” என்று எங்கள் வாசலில் நின்று அப்பாவைக் கேட்டாள் சின்னம்மா. அப்பா சுருட்டைப் பற்றவைப்பதிலேயே கண்ணாக இருந்தார்.

முந்தின வருடம் சித்தப்பா தங்கச் சுரங்கத்தில் பாறை விழுந்து செத்துப்போனார். சின்னம்மா வேதக்காரர் வீட்டுப் பெண். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை அவளோடு சர்ச்சுக்கு ஜெபத்துக்கும் போவார், ஆடியில் மாரியம்மனுக்குத் தீச்சட்டியும் எடுப்பார். கேட்டால், “ரெண்டு வீட்லயும் சோறு போடறாங்க, வேணான்னு சொல்லலாமா?” என்று சிரிப்பார். இருந்தவரைக்கும் அது யாருக்கும் வழக்காகப் படவில்லை.

பிணமானதும் வழக்காயிற்று. எங்கள் மயானத்தில்தான் என்றார் அப்பா. கல்லறைத் தோட்டத்தில்தான் என்றார் சின்னம்மாவின் அண்ணன். இருவரும் கையில் கழியோடு நின்றார்கள். கடைசியில் சுரங்கத்து மேஸ்திரி வந்து தீர்த்துவைத்தார்: இரண்டு வேலிக்கும் நடுவே இருக்கிற தரிசில் புதைத்துவிடுங்கள், சிலுவையும் வேண்டாம், சூலமும் வேண்டாம்.

“ஒரு வெளக்காவது வெக்கலாங்களா?” என்றாள் சின்னம்மா.

“வெச்சா எந்தப் பக்கத்து வெளக்குன்னு மறுபடி ஆரம்பிக்கும்மா. இப்ப யாருக்கும் தோல்வி இல்ல பாரு!” என்றார் மேஸ்திரி.

அப்பாவும் அவள் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பாடை தூக்கினார்கள். சண்டை நின்றதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஊர் ஒன்றுபட்ட அன்று யார் வயிறு எரிந்தது என்று சொல்ல நம்மிடம் ஒரு பழமொழியும் இல்லை.

பிறகு மணல் வந்தது. பொன் எடுத்தபின் மிஞ்சும் சாம்பல்நிற மணலைக் கொட்ட ஆலைக்காரர்கள் இடம் தேடினார்கள். மயானத்துக்காக அப்பா சுரங்கத்துத் துரையிடம் போய் நின்றார். கல்லறைத் தோட்டத்துக்காக அவள் அண்ணன் போய் நின்றார். இரண்டும் தப்பின. நடுவில் அடையாளமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை; மணலை அங்கேயே கொட்டத் தொடங்கினார்கள்.

சுருட்டு பற்றிய பிறகு அப்பா சொன்னார்: “நான் போய்க் கேட்டா எங்க பக்கம் இழுக்கறேன்னு உங்கண்ணன் சண்டைக்கு வருவான். பேசினது பேசினதுதாம்மா.”

அவள் அண்ணனும் காலையில் இதையேதான் சொல்லியிருந்தாராம்.

சின்னம்மா நேராக மணல்மேட்டுக்குப் போனாள். சறுக்கி விளையாடலாம் என்று நானும் பின்னால் ஓடினேன். அவள் குந்தி உட்கார்ந்து முந்தானையில் மணலை அள்ளினாள். பாத்திரம் துலக்கத்தான் என்று நினைத்து நானும் ஒரு கை அள்ளிப் போட்டேன். அதைத் தூரக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

மேலே அடுத்த மணல் டிராலி கவிழ்ந்தது. முந்தானையை உதறி, மறுபடி அள்ளினாள்.