பேட்டரி காயவைத்த ஆசிரியை

எழுபதுகளின் கடைசியில், புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளி ஒன்றில் கேசட் ரெக்கார்டர் வைத்துப் பாடம் நடப்பதாகக் கேள்விப்பட்டு, பத்திரிகைக்கு எழுதப் போனேன். ஆசிரியை ஒல்லியானவர். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் கட்டியிருந்தார். தோட்டத்தில் பகலில் மின்சாரம் கிடையாது. தீர்ந்துபோன பேட்டரிகளை ஜன்னலோரம் வெயிலில் அடுக்கிக்கொண்டே பேசினார்.

“எழுத்து ஏறாத பிள்ளைங்களுக்கு இது நல்ல வழிதானே டீச்சர்?” என்றேன்.

“அப்படித்தான் நெனச்சேன் தம்பி. ஒரு பொண்ணு, பாடத்த ஒருதடவ கேட்டா போதும், அப்படியே ஒப்பிப்பா. அந்தச் சந்தோஷத்துல எழுத்துப் பக்கம் இழுக்காமலே விட்டுட்டேன். பரீட்சையில வெறுந்தாளக் குடுத்துட்டு வந்துட்டா. இப்ப அம்மாகூட பால்மரம் வெட்டப் போறா.”

“இத எழுதலாமா?”

“வேணாம்லா. யாராச்சும் அவளுக்கு வாசிச்சுக் காட்டுவாங்க. ஒரு வார்த்த விடாம மனசுல வச்சுக்குவா.”

அப்போது நான் எழுதவில்லை. கேள்விகளை வாயால் கேட்டிருந்தால் அந்தப் பெண் தேறியிருப்பாள். அப்படியொரு பரீட்சை ஏன் இல்லை என்று ஆசிரியை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தம்மை மட்டுமே நொந்துகொண்டார். அது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.